நிற்கும் வண்டிக்கு வரியா, ஓடும் வண்டிக்கு வரியா?

2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலின் வெளித்திண்ணையில் அமர்ந்திருந்தேன். என்னிடம் ஓதிய மாணவர் ஒருவரின் தந்தையார் வந்து, சலாம் உரைத்து, அருகில் அமர்ந்தார். அவர் ஒற்றை லாரிக்கு உரிமையாளர். அதன் ஓட்டுநரும் அவரே. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் பதனிட்ட தோலையும் தைத்த காலணிகளையும் சென்னைக்கு ஏற்றிச் செல்வதும், திரும்புகையில் அகப்பட்ட சரக்கை ஏற்றி வருவதுமே அவருடைய பிழைப்பு. அவ்வாண்டு ஆகஸ்டில் நம் நாட்டுப் பொருள்களின் மீது அமெரிக்கா 50 விழுக்காடு இறக்குமதி வரி விதித்ததும், காலணி ஆலைகளுக்கு வந்துகொண்டிருந்த ஆர்டர்கள் குறைந்தன. ஆலையில் வேலை குறைந்தால் லாரிக்கு ஏது சரக்கு?

"ஹஜ்ரத், வண்டி மூன்று வாரமாக வாசலில் நிற்கிறது. காலாண்டு வரி மட்டும் தவணை தவறாமல் வந்து நிற்கிறது. ஓடினால் வாங்கிக்கொள்ளட்டும், டீசலோடு சேர்த்தே வாங்கிக்கொள்ளட்டும். நிற்கிற வண்டிக்கு வரி கேட்பது நியாயந்தானா? கிதாபில் இதற்கு ஏதாவது உண்டா?"

கிதாபில் லாரி இல்லை என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வயிற்றுப்பாட்டோடு வந்தவரிடம் வேடிக்கை பேசினோமே என்ற வெட்கம் எனக்கு இரவு வரையில் இருந்தது. அந்த வெட்கத்தின் விளைவே இக்கட்டுரை.

சட்டத்தின் நிலை முதலில் தெரியட்டும். 1974-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மோட்டார் வாகன வரிச் சட்டத்தின்படி, சரக்கு வண்டிகளுக்கு அவற்றின் எடையை அளவாகக் கொண்டு காலாண்டுக்கு ஒரு முறை வரி பெறப்படுகிறது. இருசக்கர வண்டிக்கும் சொந்த உபயோகத்துக்கான காருக்கும் வாங்கும்போதே ஆயுள் வரி. 2023 நவம்பரில் இவ்வரி உயர்த்தப்பட்டபோது, இருசக்கர வண்டிக்கு விலையில் 10 அல்லது 12 விழுக்காடு என்றும், காருக்கு 12-இல் தொடங்கி 20 விழுக்காடு வரை என்றும் விகிதம் வகுத்தார்கள். வாங்கியவர் நாள்தோறும் 100 கிலோமீட்டர் ஓட்டுகிறாரா, வெள்ளிக்கிழமை ஜுமுஆவுக்கு மட்டும் வெளியே எடுக்கிறாரா என்பதை இந்த வரி கேட்பதில்லை. லாரி ஓடாது என்று முன்கூட்டியே போக்குவரத்து அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வழி இருக்கிறதே என்பார்கள். நாளைக்குச் சரக்கு வருமா, வாராதா என்று அறியாதவன் எதை நம்பி எழுதிக் கொடுப்பான்?

விசித்திரம் என்னவெனில், லாரிக்காரர் திண்ணையில் கேட்ட அதே கேள்வியை அதே ஆண்டின் ஆகஸ்ட் மாத இறுதியில் உச்ச நீதிமன்றமும் கேட்டிருந்தது. விசாகப்பட்டினம் உருக்காலையின் மதிலுக்குள்ளேயே ஓடிய வண்டிகளுக்கு ஆந்திர அரசு வரி கேட்ட வழக்கு அது. பொதுச் சாலையைப் பயன்படுத்தாத வண்டி பொது வசதியின் பலனைப் பெறவில்லை; ஆதலால் அக்காலத்துக்கு வரிச் சுமையை அதன் மேல் ஏற்றலாகாது என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். எனினும் ஆலை மதிலுக்குள் ஓடிய வண்டிக்குக் கிடைத்த நியாயம், வீட்டு வாசலில் நின்ற வண்டிக்குத் தானாகக் கிடைத்துவிடாது. வாசலில் நிற்பது எப்போது வேண்டுமானாலும் சாலையில் இறங்கக்கூடிய வண்டி என்பது அரசின் வாதம். அவ்வாதத்திலும் பொருள் இல்லாமல் இல்லை.

இனி கிதாபுக்கு வருவோம். லாரி அங்கே இல்லைதான், கேள்வி இருக்கிறது.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் காலத்தில் இராக்கின் செழிப்பான சவாத் நிலப்பகுதி வசமானபோது, உத்மான் பின் ஹுனைஃப் (ரலி) அவர்களை அனுப்பி அந்நிலத்தை அளக்கச் செய்தார்கள். ஒரு ஜரீப் நிலத்துக்கு இவ்வளவு திர்ஹம், இவ்வளவு தானியம் என்று கராஜ் வரி நிர்ணயிக்கப்பட்டது. நீர் எட்டும் நிலமாயின், அது பயிரேறி இருந்தாலும் தரிசாகக் கிடந்தாலும் வரி உண்டு. நிலத்தை வீணே போட்டு வைக்கலாகாது என்பது அதன் உட்கருத்து. நிலத்துக்குப் பதிலாக வண்டியை வைத்துப் பாருங்கள். நம் வாகன வரி அப்படியே நிற்கும். ஆனால் அந்த ஏற்பாட்டைச் செய்துவிட்டு உமர் (ரலி) அவர்கள் நிம்மதியாக உறங்கிவிடவில்லை. தாம் ஷஹீதாவதற்குச் சில நாட்களுக்கு முன்னர்கூட, அளக்கச் சென்றவர்களை அழைத்து, அந்த நிலம் தாங்க மாட்டாத சுமையை அதன்மேல் ஏற்றிவிட்டீர்களோ என்று வினவினார்கள் என்பதை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம்.

ஏறத்தாழ 150 ஆண்டுகள் சென்றன. சவாத் பகுதியில் தரிசு பெருகிற்று. பழைய அளவின்படி வரி கேட்டால் குடியானவன் நிலத்தை விட்டு ஓடும் நிலை. கலீஃபா ஹாரூன் ரஷீது கேட்டுக்கொண்டதற்கிணங்க, தலைமைக் காஜியாகிய இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) அவர்கள் 'கிதாபுல் கராஜ்' என்னும் நூலை யாத்தார்கள். நில அளவின்மேல் வரி வேண்டா, விளைச்சலில் பங்கு பெறுக என்பது அவர்கள் தந்த ஆலோசனை. முன்னதற்கு 'மிஸாஹா' என்று பெயர். பின்னதற்கு 'முகாஸமா' என்று பெயர். உமர் (ரலி) அவர்கள் செய்தது பிழை என்று இமாம் சொல்லவில்லை. அன்று நிலம் தாங்கியது, இன்று தாங்கவில்லை என்றே சொன்னார்கள். பெரியோர் ஏற்பாட்டை மாற்றும்போது பேச வேண்டிய மரியாதையும் இதில் நமக்குக் கிடைக்கிறது.

இந்நூலில் என் நெஞ்சைத் தொட்ட இடம் ஒன்று உண்டு. வாய்க்கால் நீர் தானே பாயும் கோதுமை நிலத்துக்கு ஐந்தில் இரண்டு பங்கு வரி. இறைத்துப் பாய்ச்சும் நிலத்துக்கோ பத்தில் மூன்று பங்குதான். கமலை கட்டி இறைப்பவனுக்குச் செலவும் மெய்வருத்தமும் மிகுதி. ஆகவே அவனிடம் குறைவாகப் பெறு என்பது கருத்து. விளைச்சலைப் பார்த்து வரி கேட்டதோடு நில்லாமல், அவ்விளைச்சலுக்குப் பின்னே இருந்த உழைப்பையும் அந்தக் காஜி பார்த்திருக்கிறார்கள்.

ஆக, லாரிக்காரரின் கோரிக்கை முகாஸமாவின் பக்கம் சாய்கிறது. ஓட்டத்துக்கேற்ப எண்ணெய், எண்ணெய்க்கேற்ப வரி. நின்றால் ஒன்றுமில்லை. வசூலிப்பதும் எளிது, எண்ணெய் புறப்படும் இடத்திலேயே வரி பிடிக்கப்பட்டுவிடும். தவணை இல்லை, அபராதம் இல்லை, அலுவலக வாசலில் காத்துக்கிடப்பதும் இல்லை. பலனை அனுபவிப்பவனே அதன் சுமையையும் ஏற்க வேண்டும் என்ற ஃபிக்ஹு விதியும், உத்மானியர் காலத்து 'மஜல்லா'வில் 87-ஆம் விதியாக இடம்பெற்றுள்ள அதே கருத்தும், இதற்குத் துணை நிற்கின்றன.

இந்த விதி நம் வட்டாரத்துக்குப் புதியதன்று. அதை நாம் கடன்பட்டவர் பக்கம் நின்று கற்றோம். பாலாற்றிலும் விளைநிலத்திலும் தோல் கழிவு கலந்தது பற்றி வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கெடுத்தவனே விலை கொடுக்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு உரைத்தது. தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுமையாகவோ பாழ்பட்டதாக ஆய்வு கூறியதையும் அது எடுத்துக்காட்டியது. அப்போது ஒவ்வொரு தோல் ஆலைக்கும், பெரிதாயினும் சிறிதாயினும், 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அதோடு, ஒவ்வொருவரும் விளைத்த கேட்டைக் கணக்கிட்டு நட்ட ஈடு பெற ஓர் ஆணையம் அமைக்கவும் ஆணையிடப்பட்டது. எல்லோருக்கும் ஒரே தொகை என்பது மிஸாஹா. அவரவர் கேட்டை அளந்து பெறுவது முகாஸமா. ஒரே தீர்ப்பில் இரண்டும் இருந்தன. நட்ட ஈடு நம்மிடம் கேட்கப்பட்டபோது இந்த அளவு நமக்குக் கசந்தது. வரி குறையும் என்னும் இடத்தில் மட்டும் அது இனிக்குமானால், அது நீதியின்மேல் கொண்ட பற்று ஆகாது.

எனவே, லாரிக்காரரின் பக்கம் பேசத் தொடங்கிய நான், அவருடைய அளவுகோலையும் சோதிக்கக் கடமைப்பட்டேன். எண்ணெய் என்பது சாலையை அளக்கும் நேர்மையான கோல்தானா?

முதலில் நம் ஆலைகளையே பாருங்கள். 2008-க்குப் பின் சில ஆண்டுகள் தமிழகத்தில் மின்வெட்டு வாட்டியது. தோல் ஆலைகளும் காலணி ஆலைகளும் ஜெனரேட்டரை நம்பி ஓடின. அந்த டீசல் ஒரு முழச் சாலையையும் தேய்க்கவில்லை. சாலைக்கென்று டீசலில் வரி ஏற்றினால், சாலையே காணாத இயந்திரமும் அதைச் செலுத்தும். உழவரின் டிராக்டருக்கும் இதே கதிதான். கடலுக்குச் செல்லும் மீனவருக்கு வரி விலக்குடன் டீசல் வழங்கும் ஏற்பாட்டைத் தமிழக அரசு செய்திருப்பது, இந்தக் கோலின் கோணலை அரசே அறிந்திருப்பதற்குச் சான்று.

இரண்டாவது, பழைய இயந்திரம். புதிய வண்டி வாங்கப் பணமுள்ளவனுக்குக் குறைந்த எண்ணெயில் நெடுந்தூரம். இரண்டாம் கையாக, மூன்றாம் கையாக வாங்கியவனுடைய வண்டியோ எண்ணெயைக் குடிக்கும். அதே வழி, அதே சுமை. வரி மட்டும் ஏழைக்கு அதிகம். கமலை இறைப்பவனிடம் குறைவாகக் கேட்ட இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) அவர்களின் நீதி இங்கே தலைகீழாகிறது. புகையும் அவன் வண்டியில்தான் மிகுதி, அதற்கும் விலை உண்டே என்று கேட்கலாம். கேள்வி சரியே. நெடுஞ்சாலை ஓரத்தில் குடியிருக்கும் நம் பிள்ளைகள் அப்புகையைத்தான் சுவாசிக்கிறார்கள். ஆனால் அது புகைக்கான விலை, சாலைக்கான விலையாகாது. இரண்டையும் ஒரே பெயரில் வசூலித்தால் எதற்கு எவ்வளவு என்று ஒருவரும் கேட்க முடியாமற் போகும்.

மூன்றாவது செய்தி லாரிக்காரருக்கு உவப்பாயிராது. சாலையைத் தேய்ப்பது தூரம் மட்டுமன்று. அச்சின்மேல் இறங்கும் பாரமே பெரிதும் தேய்க்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை, இதற்கென்றே சாலைகள் அமைத்து லாரிகளை ஓட்டிப் பார்த்துச் சோதித்தார்கள். அச்சின் பாரம் இரு மடங்கானால் சாலையின் தேய்மானம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்பது அச்சோதனையிலிருந்து பெற்ற கணக்கு. பாரம் ஏற்றிய லாரி ஒரு காரைப்போல் சில மடங்கு டீசல்தான் குடிக்கும். சாலைக்கு அது செய்யும் சேதமோ காரைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு. எண்ணெயை மட்டும் வைத்து அளந்தால், லாரியின் கடனில் பெரும்பகுதியை மொபெட்காரர் கட்ட நேரும். எடையைப் பார்த்து வரி கேட்கும் 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தில், நாம் பரிகசிக்கும் அந்தப் பழைய சட்டத்தில், இந்த நியாயம் மறைந்து கிடக்கிறது.

நான்காவது, எண்ணெயே வேண்டாத வண்டி. இராணிப்பேட்டையிலேயே 2021 நவம்பரில் ஆம்பியர் மின்சார ஸ்கூட்டர் ஆலை திறக்கப்பட்டது. மின்சார வண்டிகளுக்குத் தமிழக அரசு 2025 இறுதி வரை வாகன வரி விலக்கும் அளித்திருந்தது. காற்றின் தூய்மை கருதிச் செய்த சலுகை. குறை சொல்ல மாட்டேன். ஆயினும் வாகன வரியை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் எண்ணெயில் ஏற்றிவிட்டால், விலை உயர்ந்த மின்சார கார் வைத்திருப்பவர் சாலைக்கு ஒரு காசும் தராமல் செல்வார். அவருக்குப் பின்னால் பழைய மொபெட்டில் வரும் தோல் ஆலைத் தொழிலாளி அவருக்கும் சேர்த்துச் செலுத்துவார். நியூசிலாந்து நாட்டார் இச்சிக்கலை வேறு வகையில் அவிழ்த்தார்கள். டீசல் பண்ணைகளிலும் எரிகிறது என்பதால் அதன்மேல் சாலை வரி போடாமல், 1978 முதல் டீசல் வண்டிகளிடம் எடைக்கும் தூரத்துக்கும் ஏற்ப வரி பெறலாயினர். 2024 ஏப்ரலில் மின்சார கார்களையும் அதில் சேர்த்தனர். ஓட்டத்தை எண்ணெய் வழியே ஊகிப்பதைவிட, ஓட்டத்தையே அளப்பது நேர்மையன்றோ?

இவ்வளவும் அளவுகோலைப் பற்றிய பேச்சு. இதைக் காட்டிலும் எனக்குக் கவலை தருவது 'மாற்றாக' என்ற சொல். வாகன வரிக்கு மாற்றாக எண்ணெய் வரி என்கிறார்களே, மாற்று என்பது நம் நாட்டில் எப்படி நடந்திருக்கிறது?

1927-இல் ஜெயகர் தலைமையில் அமைந்த சாலைக் குழு, பெட்ரோலில் கூடுதல் தீர்வை விதித்து அதைச் சாலைக்கே செலவிடுமாறு பரிந்துரைத்தது. 1929-இல் காலனுக்கு 2 அணா ஏறிற்று. அதற்கென மத்திய சாலை நிதியும் பிறந்தது. எண்ணெய் வழியே சாலைக்குப் பணம் என்னும் யோசனை நம் நாட்டில் அவ்வளவு பழையது. அடுத்து 1931-இல் சென்னை மாகாணம் மோட்டார் வாகன வரிச் சட்டம் இயற்றியது. உள்ளாட்சி அமைப்புகள் ஆங்காங்கே மோட்டார் வண்டிகளை மறித்து வாங்கிய சுங்கத்துக்கு மாற்றாகவே அந்த வரி வந்தது. ஒரே வரி கட்டிவிட்டு மாகாணமெங்கும் தடையின்றிச் செல்லலாம் என்பதுதான் அன்றைய வாக்கு.

இன்று வேலூரிலிருந்து கிருஷ்ணகிரி நோக்கிச் செல்லுங்கள். பள்ளிகொண்டாவில் ஒரு சுங்கச் சாவடி, வாணியம்பாடியில் ஒன்று. முன்பு சில்லறை எண்ணிக் கொடுத்தோம். 2021 பிப்ரவரி முதல் கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டாக் வழியே பணம் கழிகிறது. சுங்கத்துக்கு மாற்றாக வந்த வாகன வரி இருக்கிறது. ஒழிந்த சுங்கம் திரும்ப வந்துவிட்டது. எண்ணெய்த் தீர்வையும் இருக்கிறது. மாநிலத்தின் விற்பனை வரி வேறு. லாரிக்காரர் கேட்கும் எண்ணெய் வரியை அவர் ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். வந்தது வந்தபடி இருக்க, போக வேண்டியதுதான் போகவில்லை.

எண்ணெயில் ஏறும் பணம் யாருக்குச் சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். வாகன வரி, அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 57-ஆம் இனம். முழுக்க மாநிலத்துக்கு உரியது. எண்ணெயின்மேல் ஒன்றிய அரசு விதிக்கும் கலால் தீர்வையில், செஸ் என்ற பெயரிலும் கூடுதல் தீர்வை என்ற பெயரிலும் வாங்குவதை மாநிலங்களோடு பங்கிட வேண்டியதில்லை. 2020 மே மாதத்தில், உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை வீழ்ந்து கிடந்த வேளையில், பெட்ரோலுக்கு லிட்டருக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் தீர்வை உயர்ந்தது. பெட்ரோலுக்கு மொத்தத் தீர்வை ஏறத்தாழ 33 ரூபாயைத் தொட்டது. 2021 பிப்ரவரி ஏற்பாட்டின்படி, அதில் மாநிலங்களோடு பங்கிடத்தக்க அடிப்படைத் தீர்வை 1 ரூபாய் 40 காசுதான். பிறகு 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் குறைத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாகன வரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒன்றிய செஸ் ஒன்றை வைத்தால், ஆம்பூர்ச் சந்துகளுக்குச் சாலை போட வேண்டியவர்கள் தில்லியைப் பார்த்துக் காத்திருக்க நேரும். மாநிலமே எண்ணெயில் ஏற்றிக்கொள்ளட்டுமே என்றால், காட்பாடிக்கு அப்பால் கிறிஸ்டியான்பேட்டையில் எல்லை வந்துவிடுகிறது. எந்தப் பக்கம் விலை குறைவோ அந்தப் பக்கத்துப் பங்கில் வண்டிகள் வரிசையாக நிற்கும்.

இவ்விடத்தில் இமாம் நவவீ (ரஹ்) அவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மத்ரசாவில் அவர்களுடைய 'மின்ஹாஜ்' ஓதியவர்களுக்கு அவர்களுடைய புலமை தெரியும். துணிவு சிலருக்கே தெரியும். தாத்தாரியரை எதிர்க்கும் போருக்காக மக்களிடம் புதிய வரி வாங்க சுல்தான் பைபர்ஸ் எண்ணினார். உலமாக்களிடம் ஃபத்வா பெற்றார். நவவீ (ரஹ்) மட்டும் கையொப்பமிட மறுத்துவிட்டார்கள். சுல்தானின் அடிமை வீரர்கள் பூணும் பொன் கச்சைகளும், அரண்மனைப் பணிப்பெண்களின் அணிகலன்களும் முதலில் பைத்துல்மாலுக்கு வரட்டும். அதற்கு மேலும் தேவை இருந்தால் நான் எழுதித் தருகிறேன் என்பது அவர்களுடைய பதிலின் சாரம் என்று வரலாற்றில் காண்கிறோம். அதன் பொருட்டு திமிஷ்கு நகரைவிட்டு அவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. புது வரியே கூடாதென்று அவர்கள் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வாங்கியதற்குக் கணக்கு வைத்த பிறகு கேள் என்றே சொன்னார்கள்.

என் முடிபு இதுதான். பிழைப்புக்காக ஓடும் வண்டிகளைப் பொறுத்தவரை, உடைமையின்மேல் தவணைதோறும் வாங்குவதை விட்டு, ஓட்டத்தையும் எடையையும் பார்த்து வாங்குவதே நீதிக்கு நெருக்கமானது. அந்த அளவு கைகூடும் வரை, ஓடாத காலாண்டுக்குப் பின்னிட்டுக் கணக்குக் காட்டி விலக்குப் பெறும் வழியாவது இருக்க வேண்டும். சுங்கச் சாவடியில் பதிவாகும் ஃபாஸ்டாக் கணக்கே, இந்த நெடுஞ்சாலையில் ஓடும் லாரிக்கு நல்ல சாட்சியாகும். சொகுசுக்காக வாங்கும் பெரிய கார்களுக்கு, எண்ணெயில் ஓடினாலும் மின்சாரத்தில் ஓடினாலும், உடைமை வரி இருக்கட்டும். எண்ணெயில் இனி ஏற்றுவதாயின், அதே அரசிதழில் எது நீங்குகிறது என்று பெயர் சொல்லி நீக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை இல்லாவிட்டால், முன்னே சொன்ன யாவற்றையும் நான் திரும்பப் பெற்றுக்கொள்வேன். அரைகுறை முகாஸமாவைவிடப் பழைய மிஸாஹாவே மேல், அதற்கேனும் இன்ன தொகை என்ற வரம்பு உண்டு.

அடுத்த வெள்ளியன்று ஜுமுஆவுக்குப் பின் லாரிக்காரரைக் கண்டு இவற்றைச் சொன்னேன். பாரத்தையும் பதினாறு மடங்கையும் பற்றிச் சொன்னபோது அவர் முகம் சற்று வாடிற்று. "அப்படியானால் நான் கட்டுவது போதாது என்கிறீர்களா, ஹஜ்ரத்?" என்றார். ஓடும்போது போதாமல் இருக்கலாம், நிற்கும்போது அதிகம் என்றேன். சற்று நேரம் யோசித்தவர், தம் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் காட்டினார். அக்காலாண்டு வரி கட்டிய ரசீது. கைமாற்று வாங்கிக் கட்டினாராம். மறுநாள் பேரணாம்பட்டிலிருந்து ஒரு பாதிச் சுமை கிடைத்திருப்பதாகவும், டீசலுக்குத்தான் இன்னும் வழி பார்க்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுக் காலணியைத் தேடிப் போனார்.